முகூர்த்த நாளில் மட்டும் தெளியும் திரை

கம்ப்யூட்டர் மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் நான்கு தடவை.

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் வரைக்கும். ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு பக்கம் சாய, நான் ஒரு பக்கம் சாய... பதினைந்து அங்குலம் என்று பெயர்தான் சின்னது. தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், பின்பக்கம் முழுக்கக் கல்லை வைத்து அடைத்த மாதிரி கனம். மழைக்குப் பயந்து கம்பளியால் சுற்றி, அதற்கு மேல் ஒரு ரப்பர் சீட்டையும் போர்த்தியிருந்தேன். முதல் தடவை கண்டக்டர், "டிவி எகக்த, மிஸ்?" என்று, டிவியா என்று, சிங்களத்தில் கேட்டார். நான்காவது தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்.

டிவி இல்லை. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத புதுக் கம்ப்யூட்டரின் மொனிட்டர்.

டீச்சர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் கேட்டார்கள். எனக்காக இல்லை. என் கணவருக்காக.

அவர் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே டைப்ரைட்டர். விசைகளைப் பார்க்கவே மாட்டார். ஜன்னல் வழியாக எதிர்மலையைப் பார்த்துக்கொண்டே அடிப்பார், ஒரு எழுத்துப் பிசகாது. அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. எனக்கும்தான்.

திடீரென்று கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். எல்லாத் தோட்ட ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் வருகிறதாம். செக்ரோல் — அதாவது யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் — இனிமேல் அதில்தானாம். அடுத்த மாதக் கடைசியில் ஹட்டனில் ஒரு செய்முறைப் பரீட்சை. தேறியவர்கள் ஆபீஸில் இருக்கலாம். தேறாதவர்கள் கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்குப் போகவேண்டும்.

ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் எப்போது வரும்? பரீட்சைக்குப் பிறகு! நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டும் குளம் வெட்டித் தருகிற யோசனை யாருடையது என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் எங்கே போய்ப் பழகுவார்?

"நாமளே ஒண்ணு வாங்கிருவோங்க" என்றேன்.

"வாங்கி... எனக்கு வராமப் போனா?" என்றார்.

"வரும்."

பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நான் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ரகம் இல்லை.

கம்ப்யூட்டர் வந்தது. எந்தக் கம்பியை எங்கே சொருகுவது என்று கடையில் ஒரு படம் வரைந்து தந்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துச் சொருகினோம். பொத்தானை அமுக்கியதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். திரை ஒரு தரம் குலுங்கி, வெளிச்சம் வந்தது.

கூடவே அதுவும் வந்தது.

திரையின் இடது பக்கம், மேலிருந்து கீழ் வரைக்கும், பீட்ரூட் சாற்றைக் கொட்டிய மாதிரி ஒரு கறை. அதன் ஓரத்தில் பாசிப்பச்சை. அந்தப் பகுதியில் எழுத்துகள் நேராக நிற்காமல் சாய்ந்து, இழுபட்டுக் கிடந்தன. செக்ரோல் மாதிரி ஒரு பட்டியலைத் திறந்தால் பெயர்கள் வருவது இடது பக்கத்தில்தானே? அங்கே இருப்பது ராமாயியா, ராஜம்மாவா, யாருக்குத் தெரியும்? வலது பக்கம் கிலோக்கணக்கு மட்டும் பளிச்சென்று நின்றது. ஆளைக் காணோம், கொழுந்து மட்டும் இருக்கிறது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மொனிட்டரைக் கம்பளியில் சுற்றினேன்.

ஹட்டன் கடையில் பழுது பார்ப்பவர் ரமணன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், நிதானமான ஆள். மேசையில் வைத்து இணைத்தார். டொய்ங். குலுக்கல். வெளிச்சம். அவ்வளவுதான். கறையைக் காணோம்! பாலில் கழுவிய மாதிரி இருந்தது திரை.

"டீச்சர், இதிலை ஒரு பிழையும் இல்லை. பாருங்கோ, எவ்வளவு வடிவா வேலை செய்யுது."

"தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் பீட்ரூட் கலர்ல இருந்துச்சு."

"அப்ப வீட்டிலை கரண்ட் பிழையாக்கும்."

அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் குவாட்டர்ஸுக்கும் பேக்டரிக்கும் ஒரே லைன். அங்கே ரோலர் ஓடத் தொடங்கினால் இங்கே பல்பு சிணுங்கும். சரி, பேக்டரி ஓடாத ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று காத்திருந்தேன். ஞாயிறும் வந்தது. ரோலர் ஓடவில்லை. பல்பு அசையாமல் எரிந்தது. கறையும் அசையாமல் இருந்தது.

இரண்டாவது தடவை போனேன். கம்பியை மாற்றித் தந்தார். கடையில் சுத்தம், வீட்டில் கறை. மூன்றாவது தடவை ரமணன் உள்ளே போய், பெட்டி பிரிக்காத வேறொரு மொனிட்டரையே எடுத்து வந்து தந்தார். எத்தனை கடையில் இப்படிச் செய்வார்கள், சொல்லுங்கள்? நன்றி சொல்லி வாங்கிவந்தேன்.

புது மொனிட்டர். அதே இடம். அதே கறை.

மேசையை நகர்த்திப் பார்க்கவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டைப் பார்த்தால் கேட்கமாட்டீர்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய வீடொன்றை நடுவில் பலகைச் சுவர் வைத்து, சுண்ணாம்பு பூசி, இரண்டு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். முன்னறையில் பிளக் இருப்பது அந்தச் சுவரோரம் ஒரே ஒரு இடத்தில்தான். நீட்டு வயர் எதுவும் போடவேண்டாம், கரண்ட் ஏறி இறங்குகிற இடம் என்று ரமணன் முதல் நாளே எச்சரித்திருந்தார். ஆகவே மேசை அங்கேதான், வேறு வழி இல்லை.

இதற்கிடையில் என் கணவர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து மொனிட்டரின் தலையில் வைத்தார். பஸ் தாமதமாகி, நாங்கள் கம்ப்யூட்டரை வீட்டுக்குள் கொண்டுவந்தது ராகு காலத்தில் என்பது அவருடைய கட்சி. நான் சிரித்துவிட்டேன். எலுமிச்சம்பழம் காய்ந்தது. கறை காயவில்லை.

நான் என் பாணியில் இறங்கினேன். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் குறித்தேன். கறை இருந்தால் பெருக்கல் குறி, இல்லாவிட்டால் சரி அடையாளம். ஆமாம், இல்லாத நாளும் இருந்தது! சில நாட்களில் காரணமே இல்லாமல் திரை சுத்தமாக இருக்கும். அன்றைக்கு இவர் ஆசை ஆசையாக உட்கார்ந்து பழகுவார். மறுநாள் மறுபடி பீட்ரூட். ரமணனிடம் ஆதாரத்தோடு காட்டி வழக்காடுவதற்காகத்தான் இந்தக் கணக்கு.

பதினெட்டாம் நாள் இவர் நாட்காட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இங்க வந்து பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். நான்கு சரி அடையாளங்கள். நான்கும்... முகூர்த்த நாட்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு சரி அடையாளம்கூட இல்லை.

"நான் சொன்னப்ப சிரிச்ச. இப்ப என்னா சொல்ற?"

பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் கையெழுத்திலேயே, என் நாட்காட்டியிலேயே, கம்ப்யூட்டர் பஞ்சாங்கம் பார்த்து வேலை செய்கிறது என்று நிரூபித்து வைத்திருந்தேன்.

"தற்செயலா இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கறை படிந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"விட்டுருவோம். இந்த வயசுல எனக்கு இது வேணாம். கொட்டில்லயே நின்னுட்டுப் போறேன். அங்கயும் மனுசங்கதானே நிக்கிறாங்க."

கொட்டிலில் நிற்பது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இவர் அதை விரும்பிச் சொல்லவில்லை. தோற்றுப்போனதாக முடிவுகட்டிவிட்டுச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனிதர் ஒரு ஊதா நிறக் கறையிடம் தோற்பதா? எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்குங்க. நாளன்னைக்கு ஞாயித்துக்கெழம. நான் ஹட்டனுக்குப் போறேன்" என்றேன்.

நான்காவது பயணம். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் கூட்டம் அலைமோதும். தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க இறங்குகிற நாள். கூட்டத்தில் மொனிட்டரைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன். வழக்கம்போல அங்கே சுத்தம். நாட்காட்டியைப் பார்த்து எழுதிவந்த தாளை ரமணன் முன்னால் விரித்தேன். அவர் முகூர்த்த விஷயத்துக்குச் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"டீச்சர், கிட்ட எங்கயாவது ஸ்பீக்கர் பெட்டி வச்சிருக்கிறியளோ? பெரிய ஸ்பீக்கருக்குள்ள பெரிய காந்தம் இருக்கும். அது கிட்ட இருந்தால் திரையிலை நிறத்தைக் குழப்பிப் போடும்."

"எங்க வீட்ல ஒரு சின்ன ரேடியோதான் தம்பி. அதுவும் சமையலறையில."

"அப்ப எனக்கும் விளங்கேல்லை" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். இணைத்தேன். டொய்ங். திரை பளிங்கு மாதிரி இருந்தது! ரமணனின் கைராசி என்று நினைத்தேன். இவர் நாட்காட்டிப் பக்கம் தலையைத் திருப்பினார். அன்றைக்கும் முகூர்த்தம்.

ஐந்து மணி இருக்கும். இவர் திரையில் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு வேன் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்குத்தான். யாரோ எதையோ தூக்கிவரும் சத்தம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் 'தொம்' என்று ஏதோ இறங்கியது.

திரையின் இடது ஓரம் இலேசாக ஊதாவானது.

இன்னொரு தொம். ஊதா ஒரு விரற்கடை உள்ளே வந்தது. மூன்றாவது தொம்மில் ராமாயி சாய்ந்தாள். நான்காவதில் முழுப் பீட்ரூட்.

நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது மாரிமுத்து அண்ணன் குடும்பம். பேக்டரியில் எலக்ட்ரீசியன். அதோடு சொந்தமாக ஒரு மைக்செட் வைத்திருக்கிறார். ஆம்பிளிபயர், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் நான்கு. கல்யாணம், சடங்கு எதுவானாலும் வாடகைக்குப் போகும். கல்யாணம் எப்போது நடக்கும்? முகூர்த்த நாளில்! அன்றைக்குப் பெட்டிகள் கல்யாண வீட்டில் பாடும், எங்கள் திரை தெளியும். கல்யாணம் முடிந்து பெட்டிகள் வீடு திரும்பினால்...

பஞ்சாங்கமும் ஜெயித்தது, விஞ்ஞானமும் ஜெயித்தது. அப்படியானால் அந்தப் பெட்டிகள் அங்கே இருப்பது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாரிமுத்து அண்ணன் ஒவ்வொரு வாடகைக்கும் முன்பு வீட்டிலேயே மைக்கைச் சோதித்துப் பார்ப்பார். ஸ்கொலர்ஷிப் பரீட்சை நேரம். என் வீட்டில் படிக்க வந்த பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருந்தது. நான் என்ன செய்திருக்கவேண்டும்? அடுத்த வாசலுக்குப் போய், "அண்ணே, கொஞ்சம் சத்தத்தக் குறைங்க" என்று சொல்லியிருக்கவேண்டும். நான் அதைச் செய்யவில்லை. இந்தப் பத்தியில் எழுதினேன்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'ஹலோ' சொல்லும், ஆனால் ஒருவருக்கும் ஹலோ சொல்லாத மனிதர் என்று எழுதினேன். பெயர் போடவில்லைதான். தோட்டத்தில் பெயர் போட்டால்தானா தெரியும்? அந்த வாரம் எனக்கு நிறையப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அவருக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. 'ஹலோ மாரி'. சின்னப் பிள்ளைகள்கூட அப்படிக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மைக் சத்தமும் கேட்கவில்லை. பெட்டிகளை வேறு எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். ஜெயித்துவிட்டதாகவும் நினைத்திருந்தேன். பெட்டிகள் எங்கேயும் போகவில்லை. என்னால் அவை வாய் மூடிக் கிடந்தன, அவ்வளவுதான்.

"நான் வேணும்னா போய்க் கேக்குறேன்" என்றார் இவர்.

"வேணாங்க. எழுதினது நான்."

எங்கள் வாசலிலிருந்து அவர் வாசலுக்குப் பத்துக் காலடி இருக்குமா? மொனிட்டரோடு ஹட்டனுக்கு நான்கு தடவை போய் வந்தபோது வலிக்காத கால் அன்றைக்கு வலித்தது.

கதவைத் திறந்தவர் மாரிமுத்து அண்ணன்தான். கல்யாண வீட்டுச் சந்தனம் இன்னும் நெற்றியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"வாங்க டீச்சர்" என்றார்.

உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர், பரீட்சை, கறை, காந்தம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பெட்டியத் தூக்கிக்கிட்டு நீங்க பஸ்ஸுக்குப் போறத ஒவ்வொரு தரமும் பாத்தேன்" என்றார். "ரெண்டாந் தரம் போனப்பவே என்னா ஏதுன்னு கேக்கலாம்னு வந்தேன். ஒங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"ஏண்ணே?"

"கேட்டா அதையும் எழுதிட்டீங்கன்னா?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன், எழுதப்பட்டவர் முன்னால் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் நான் விரும்பவில்லை.

"தப்புத்தாண்ணே. நேர்ல வந்து சொல்லியிருக்கணும். ஊர் சிரிக்கிற மாதிரி எழுதினது என்னோட தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் எழுந்தார்.

"கிளாக்கர் ஐயாவுக்கு எப்ப டெஸ்ட்டு?"

சொன்னேன். உடனே மகனைக் கூப்பிட்டு, அவனோடு சேர்ந்து பெட்டியைப் பிடித்தார். எங்கே வைப்பது? பின்னறை ஒழுகும், ஸ்பீக்கருக்குள் இருப்பது காகிதம், ஈரம் பட்டால் பூத்துப்போகும். அடுப்படிதான் காய்ந்த இடம். நான்கு பெட்டிகளும் அடுப்படிக்குப் போயின. பிறகு தானே எங்கள் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டார். டொய்ங். குலுக்கல். கறை போயே போய்விட்டது.

"போடுறப்ப ஒரு சத்தம் கேக்குதே, அதுதான் ஒட்டியிருக்கிற காந்தத்தக் கலைச்சு விடுது. கடையில அதுனாலதான் சுத்தமாத் தெரிஞ்சிருக்கு" என்றார். நான் ஹட்டன் வரைக்கும் சுமந்துகொண்டு போய்த் தேடிய விடையைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பரீட்சை வரைக்கும் அந்தக் குடும்பம் முன்னறையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டது. அடுப்படியில் ஒரு ஆள் நின்று சமைக்க மட்டுமே இடம். மாரிமுத்து அண்ணனின் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இவர் பழகினார். எப்படிப் பழகினார் தெரியுமா! காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வேலை விட்டு வந்து இரண்டு மணி நேரம். முதலில் மவுஸ் அவர் கைக்கு அடங்காமல் ஓடியது. நான்காம் நாள் அடங்கியது. பத்தாம் நாள் விசையைப் பார்க்காமல் பெயர்களை அடித்துக்கொண்டு போனார். எலுமிச்சம்பழத்தை நான் எடுக்கவில்லை. அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது.

இதை எழுதலாமா என்று மாரிமுத்து அண்ணனிடம் கேட்டேன். இந்த முறை எழுதுவதற்கு முன்னால் கேட்டேன். "எழுதுங்க. பேரப் போட்டே எழுதுங்க" என்றார். போட்டிருக்கிறேன்.

பரீட்சை முடிந்து முடிவு வருவதற்கு எட்டு நாட்கள் ஆயின. போன வியாழக்கிழமை பின்னேரம் முன்னறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. என் கணவரின் குரல்.

"மாரிமுத்து, ஆபீஸ்லயே இருக்கச் சொல்லிட்டாங்கப்பா."

பிறகு யாரோ யாருடைய முதுகிலோ தட்டும் சத்தம் கேட்டது. சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து இவர் எங்கள் வாசலுக்கு வந்து அதே செய்தியை என்னிடம் சொன்னார். அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோல நான் ஆச்சரியப்பட்டேன்.